வேலூரில் இலகுரகத் தொழில் பகுதிக்கான நிலப் பயன்பாட்டு விதிகளைப் புதுப்பிப்பது எப்படி?

வேலூரில் கொசவர், அதாவது குயவர், பெயரில் கொசப்பேட்டை என்று ஒரு பகுதி இருக்கிறது, காகிதப்பட்டறை என்று இன்னொன்று இருக்கிறது. இன்ன தொழிலுக்கு ஊரில் இன்ன இடம் என்னும் வழக்கம் திட்ட வரைபடங்களைவிட மூத்தது என்பதை இந்தப் பெயர்களே சொல்லிவிடும். இன்று அந்த வேலையை முழுமைத் திட்டமும் (மாஸ்டர் பிளான்) அதனோடு இணைந்த நிலப் பயன்பாட்டு விதிகளும் செய்கின்றன. ஆனால் லேத் பட்டறை, வெல்டிங் கடை, தையல் கூடம், மரவேலை, பொதிகட்டும் கிடங்கு என்று கலந்து கிடக்கும் ஒரு பகுதியை, பல ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட தொழில் பட்டியலைக் கொண்டு நிர்வகிக்க முயலும்போது, பட்டியலில் பெயர் இல்லாத நல்ல தொழிலுக்கு அனுமதி கிடைக்காமல் போவதும், பெயர் இருக்கிற ஒரே காரணத்தால் அண்டை வீட்டாரின் தூக்கத்தைக் கெடுக்கும் தொழில் தடையின்றி நடப்பதும் ஒருசேர நிகழ்கின்றன. அத்தகைய விதிகளைப் புதுப்பிக்க முனையும் மாமன்ற உறுப்பினர்கள், சிறுதொழில் சங்கத்தினர், நகரமைப்புப் பிரிவில் பணிபுரிவோர், பகுதிவாசிகள் ஆகியோருக்காக இது எழுதப்படுகிறது.

எந்தத் தாளைத் திருத்த வேண்டும்?

திருத்த வேண்டிய ஆவணம் எது என்று தெரியாமல் மனு எழுதத் தொடங்குவதே இத்துறையில் மிகுதியாகக் காணப்படும் தவறு. தமிழ்நாட்டில் நிலப் பயன்பாட்டுக்கு அடிப்படையாக இருப்பது 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். அச்சட்டத்தின்கீழ் உருவாகும் முழுமைத் திட்டம் ஒவ்வொரு புல எண்ணுக்கும் ஒரு பயன்பாட்டை ஒதுக்குகிறது. அதற்கும் கீழே, ஒரு சிறு பகுதிக்குத் தெரு தெருவாக எழுதப்படும் விரிவு வளர்ச்சித் திட்டம் இருக்கலாம். கட்டடத்தின் உயரம், பக்க இடைவெளி, தளப்பரப்புக் குறியீடு (மனையின் பரப்புக்கு எத்தனை மடங்கு தளப்பரப்புக் கட்டலாம் என்பது), எந்த மண்டலத்தில் எந்தப் பயன்பாடு என்பன போன்றவற்றை மாநிலம் முழுவதற்கும் பொதுவாகச் சொல்வது 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். இவற்றுள் கடைசியாகச் சொன்னதை உள்ளூரில் எவரும் மாற்ற இயலாது; அரசாணை வேண்டும். முழுமைத் திட்டத்தையும் விரிவு வளர்ச்சித் திட்டத்தையும் திருத்துவதற்கான முன்மொழிவை உள்ளூர் திட்டக் குழுமம் தொடங்கலாம். ஆகவே உங்கள் குறைகளை முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: வரைபடத்தில் நிலத்தின் பயன்பாட்டைக் காட்டும் நிறத்தை மாற்றினால் தீர்பவை ஒருபுறம், விதியின் வாசகத்தை மாற்றினால்தான் தீர்பவை மறுபுறம். இரண்டையும் ஒரே மனுவில் கலந்தால் அது எந்த மேசையிலும் நிற்காது.

பழைய முழுமைத் திட்டங்களில் தொழில் நிலம் கட்டுப்படுத்தப்பட்ட தொழில், பொதுத் தொழில், சிறப்பு மற்றும் அபாயகரத் தொழில் என்று பிரிக்கப்பட்டிருக்கும். நாம் பேசும் இலகுரகத் தொழில் பெரும்பாலும் முதல் வகையில் அடங்கும். மாநகராட்சி விரிவாக்கத்தின்போது சத்துவாச்சாரி, தாராபடவேடு போன்ற அண்டை உள்ளாட்சிகள் வேலூரோடு இணைந்ததால், ஒரே தெருவில் ஒரு ஷெட்டுக்குப் பழைய உள்ளாட்சி கொடுத்த அனுமதியும், அடுத்த ஷெட்டுக்கு மாநகராட்சி கொடுத்த அனுமதியும் இருக்கலாம். இந்தப் பழைய தாள்களின் நகல்களைத் தொடக்கத்திலேயே திரட்டி வைப்பது நல்லது. பின்னால் தகராறு எழும்போது தேடினால் அவை கிடைப்பதில்லை.

தெருவில் நடந்து எடுக்கும் கணக்கு

வரைபடத்தைத் தொடுவதற்கு முன் தெருவில் நடக்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அலுவலகத்தில் அமர்ந்து எழுதப்படும் விதிகள் பெயர்ப்பலகையைத்தான் பார்க்கின்றன என்பதே. ‘இன்ஜினியரிங் ஒர்க்ஸ்’ என்ற ஒரே பலகையின் பின்னால், கணினி கட்டுப்பாட்டில் ஓசையின்றி இரும்பு கடையும் இயந்திரமும் இருக்கலாம், நள்ளிரவு வரை கிரில் கம்பிகளை அறுக்கும் சக்கரமும் இருக்கலாம்.

ஒவ்வொரு மனைக்கும் புல எண், நகர நில அளவைப் பதிவேட்டின்படியான பரப்பு, செய்யப்படும் தொழில், உள்ளே வரும் பொருள், வெளியே போகும் பொருள், மின் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட மின்பளு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எந்த வாய்க்காலில் சேர்கிறது, ஒரு நாளில் எத்தனை வண்டிகள் நிற்கின்றன, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், இடம் சொந்தமா வாடகையா என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். இவற்றுள் கடைசிக் கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பட்டறை நடத்துபவர் வாடகைக்கு இருப்பவராயின், நிலப் பயன்பாடு மாறுவதால் வரும் ஆதாயம் மனை உரிமையாளருக்கும், வரும் நட்டம் பட்டறைக்காரருக்கும் போய்ச் சேரும். கூட்டத்தில் எழுந்து பேசுபவர் யார் சார்பில் பேசுகிறார் என்பதைப் புரிந்துகொள்ளப் படிவத்தின் இந்த ஒரு கட்டம் உதவும்.

கணக்கெடுப்பை ஒரே நேரத்தில் முடித்துவிடக் கூடாது. காலை எட்டு மணிக்கு ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை, இரவு பத்து மணிக்குப் பின் ஒருமுறை எனக் குறைந்தது மூன்று வேளைகளில் அதே தெருவைப் பார்க்க வேண்டும். சித்திரை, வைகாசியில் வேலூரின் வெயில் எப்படி என்பதை இவ்வூர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தகரக் கூரையின் கீழ் நிற்க முடியாமல் வேலை சாலையோரத்துக்கு நகர்வதும், வெயில் தாழ்ந்த பிறகு இரவில் தொடர்வதும் அந்த மாதங்களில்தான் மிகுதி. ஐப்பசி மழையில் மட்டும் எடுத்த கணக்கு இதைக் காட்டாது.

பட்டறைக்காரர்கள் முதலில் வாய் திறக்க மாட்டார்கள். கையில் தாளோடு வருபவர் வரி போட வந்தவர் அல்லது பூட்டுப் போட வந்தவர் என்பது அவர்களது அனுபவம். சங்கத்தைச் சேர்ந்த ஒருவரைக் கூடவே அழைத்துச் செல்வதும், எழுதிய படிவத்தின் ஒரு நகலை அங்கேயே கொடுத்துவிடுவதும் அந்த அச்சத்தை ஓரளவு குறைக்கும்.

பெயரால் அல்ல, விளைவால்

இனி விதியின் வாசகம். பழைய விதிகள் இலகுரகத் தொழிலை இரண்டு அளவுகோல்களால் வரையறுத்தன: தொழிலின் பெயர், மோட்டாரின் குதிரைத்திறன். ஒரு குதிரைத்திறன் என்பது ஏறத்தாழ 746 வாட். எல்லா இயந்திரங்களும் ஒரே மாதிரி இரைந்த காலத்தில் மின்பளு ஒரு நியாயமான அடையாளமாக இருந்திருக்கலாம். இன்று பெரிய மோட்டார் கொண்ட நவீன இயந்திரம் மூடிய பெட்டிக்குள் அமைதியாக ஓடுகிறது; சிறிய கை அறுப்பான் தெருவையே எழுப்புகிறது; தகரம் தட்டிப் பெட்டி செய்யும் பட்டறைக்கோ மோட்டாரே தேவையில்லை. ஆகவே குதிரைத்திறனை நீக்காவிட்டாலும், அதை ஒரே அளவுகோலாக வைத்திருக்கும் வரிகளை மாற்ற முன்மொழிவதே சரி.

அதற்கு மாற்றாக நிற்கக்கூடியது, தொழில் தன் எல்லைக்கு வெளியே எதை அனுப்புகிறது என்ற கேள்வி. ஓசைக்கு வரையறை ஏற்கெனவே இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் தொழில் பகுதிக்குப் பகலில் 75 டெசிபல், இரவில் 70 டெசிபல் என்றும், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 என்றும் சொல்கின்றன. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. இரண்டு மண்டலங்களும் ஒரு சந்தால் மட்டும் பிரிக்கப்பட்டிருக்கும்போது எந்த எண் பொருந்தும் என்பதுதான் சண்டையின் வேர். ஓசை வீட்டை நோக்கிய மனை எல்லையில் அளக்கப்படும் என்றும், வீடுகளை ஒட்டிய முதல் வரிசை மனைகளில் இரவு வரம்பு குடியிருப்பு வரம்பாகவே இருக்கும் என்றும் உங்கள் வரைவில் ஒரே வாக்கியம் சேர்த்தால் பாதிப் புகார்கள் எழுவதற்கே இடமிராது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம் என்பதையும் வரைபடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். சி.எம்.சி. மருத்துவமனை நிற்கும் ஐடா ஸ்கடர் சாலை இருக்கும் ஊரில் இதை மறந்துவிட்டு எழுதும் விதி நிற்காது.

புகைக்கும் கழிவுக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிற வகைப்பாட்டைப் பயன்படுத்தலாம். மாசு மிகுந்ததிலிருந்து குறைந்தது வரை சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்றிருந்த வரிசையில் 2016-இல் வெள்ளை சேர்ந்தது. வெள்ளை வகைத் தொழில்களுக்கு வாரியத்தின் இசைவு தேவையில்லை, தெரிவித்தால் போதும் என்பதே அப்போது வகுக்கப்பட்ட முறை. இலகுரகத் தொழில் மண்டலத்தில் வெள்ளையும் பச்சையும் நேரடியாகவும், ஆரஞ்சு வகை சில நிபந்தனைகளோடும் அனுமதிக்கப்படும், சிவப்புக்கு இடமில்லை என்று எழுதுவது தெளிவான தொடக்கம். ஆனால் வாரியத்தின் பட்டியலை அப்படியே எடுத்து விதியில் ஒட்டிவிடாதீர்கள். பட்டியல் அவ்வப்போது திருத்தப்படுகிறது. ‘அவ்வப்போது நடைமுறையில் உள்ள வகைப்பாட்டின்படி’ என்ற தொடர் இல்லாவிட்டால் உங்கள் புதிய விதி ஓரிரு ஆண்டுகளில் மீண்டும் பழைய பட்டியலாகிவிடும்.

தோல் என்ற ஒரு சொல்

வடஆற்காட்டில் இந்தப் பணியைச் செய்யும் எவரும் ஒரு சொல்லிடம் நின்று நிதானித்தாக வேண்டும். தோல் பதனிடுதலும் தோல்பொருள் தைத்தலும் பேச்சு வழக்கில் ஒரே ‘தோல் தொழில்’. நிலப் பயன்பாட்டைப் பொறுத்தவரை அவை இரண்டுக்கும் இடையே பாலாற்றின் அகலம் இருக்கிறது.

பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் என்ன செய்தது என்பது 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய வேலூர் குடிமக்கள் நலப் பேரவை வழக்கின் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. அத்தீர்ப்பு மேற்கோள் காட்டிய முதற்கட்ட ஆய்வு ஒன்றின்படி, ஆலைகள் நிறைந்த பட்டையில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாததாகிவிட்டது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டையும், கேடு உறுதியாகும் வரை காத்திராமல் முன்னெச்சரிக்கையாகத் தடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டையும் இந்த நாட்டின் சட்டத்தில் நிலைநிறுத்தியது அத்தீர்ப்பே. அதற்கும் முன்னரே, 1989 மார்ச் 30-ஆம் தேதியிட்ட தமிழக அரசாணை, மிகுந்த மாசு தரும் தொழிற்சாலைகளை ஆறு முதலிய நீர்நிலைகளின் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிதாக அமைக்கத் தடை விதித்திருந்தது. 1998-இல் வந்த ஆணை பாலாறு உள்ளிட்ட முக்கிய ஆறுகளுக்கு அத்தொலைவை ஐந்து கிலோமீட்டராக உயர்த்தியது. விவகாரம் இன்னும் முடியவில்லை: 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இழப்பீட்டையும் கண்காணிப்பையும் குறித்து மீண்டும் விரிவான உத்தரவுகளைப் பிறப்பித்தது. பாலாற்றின் இரு கரைகளிலும், தெற்கே வேலூரும் வடக்கே காட்பாடியுமாகப் பரந்திருக்கும் ஒரு மாநகராட்சியில், இந்த ஆணைகளுக்கு மாறான ஒரு சொல்கூட நிலப் பயன்பாட்டு விதியில் நுழைய முடியாது, நுழையவும் கூடாது.

ஆனால் காலணியின் மேற்பகுதியை வெட்டித் தைக்கும் கூடம் வேறு வகை. அங்கே ஈரமான வேலை இல்லை. ஆற்றுக்குப் போகும் கழிவும் இல்லை. அதன் தொல்லைகள் வேறு: பசையின் ஆவி, தோல் துண்டுகளின் குப்பை, தீ விபத்துக்கான வாய்ப்பு, அதற்கெல்லாம் மேலாக, காலையிலும் மாலையிலும் சுற்றுக் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றி இறக்கும் கம்பெனி வேன்களின் நெரிசல். ‘தோல்’ என்ற சொல்லைக் கண்டதும் விலக்கிவிடும் விதி இத்தனை பேரின் வேலையை ஊருக்கு வெளியே தள்ளுகிறது. ‘தோல்பொருள்’ என்று பொதுவாக அனுமதிக்கும் விதியோ பின்வாசல் வழியே ஈர வேலைக்கு இடம் கொடுத்துவிடக்கூடும். ஆகவே ‘பதனிட்டு முடித்த தோலை வெட்டுதல், தைத்தல், ஒட்டுதல் மட்டும், தோலை நனைத்தல், பதனிடுதல், சாயமேற்றுதல் எதுவும் கூடாது’ என்று செயல்களைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். குடியாத்தத்தின் கைலி நெசவுக்கும் இதே முறை பொருந்தும்: தறி ஓட்டுவது ஓசைப் பிரச்சினை, நூலுக்குச் சாயம் போடுவது நீர்ப் பிரச்சினை. இரண்டையும் ‘ஜவுளி’ என்ற ஒரே வரியில் அடைக்கக் கூடாது.

மண்டலத்தை அரிக்கும் பயன்பாடுகள்

தொழில் பகுதியை வீடுகளிடமிருந்து காப்பது பற்றிப் பலர் பேசுகிறார்கள். தொழில் பகுதியைப் பிற பயன்பாடுகளிடமிருந்து காப்பது பற்றிப் பேசுபவர் குறைவு. நாடெங்கிலுமிருந்து நோயாளிகளும் உடன் வருவோரும் வந்து தங்கும் வேலூரில், விடுதி கட்டினால் வரும் வாடகையோடு லேத் பட்டறை போட்டியிட முடியாது. கல்யாண மண்டபம், காட்சிக்கூடம், பெரும் கிடங்கு ஆகியவையும் அப்படியே. தொழில் மண்டலத்தில் வணிகப் பயன்பாட்டைத் தாராளமாக அனுமதிக்கும் ஒரு திருத்தம், எவரையும் வெளியேறச் சொல்லாமலே பத்து ஆண்டுகளில் பட்டறைகளை வெளியேற்றிவிடும். அதற்காக டீக்கடையையும் மெஸ்ஸையும் உதிரிபாகக் கடையையும் தடுக்க வேண்டியதில்லை. அவை இல்லாமல் தொழிலாளிக்குப் பொழுது நகராது. துணைப் பயன்பாடு மனையின் தளப்பரப்பில் இத்தனை பங்குக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பிட்டு, தங்கும் விடுதியையும் மண்டபத்தையும் வெளிப்படையாக விலக்கிவிடுவதே என் பரிந்துரை. பங்கு எவ்வளவு என்பதை உங்கள் தெருக் கணக்கு சொல்லும்.

தனித்தனிப் புல எண்ணுக்கு நிலப் பயன் மாற்றம் கோரும் விண்ணப்பங்களும் இதே அரிப்பைச் செய்கின்றன. ஒவ்வொன்றும் தனியாகப் பார்க்கையில் நியாயமாகத் தெரியும். கடந்த காலத்தில் அந்தப் பகுதியில் அனுமதிக்கப்பட்ட மாற்றங்கள் அனைத்தையும் ஒரே வரைபடத்தில் வண்ணமிட்டுக் காட்டினால்தான் விளைவு கண்ணுக்குப் புலப்படும்.

கட்டட அமைப்பைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சரக்கு ஏற்றி இறக்குவது மனைக்குள்ளேயே நடக்க வேண்டும், லாரி பின்னோக்கி வந்து சாலையை மறிக்கக் கூடாது, கூரை உயரமும் காற்றுத் திறப்பும் வெயிலைத் தாங்குமாறு இருக்க வேண்டும் என்பவை போதும். மீதியை மாநில விதிகளே பேசுகின்றன.

இப்போது இருக்கிற பட்டறை என்னவாகும்?

கூட்டத்தில் முதலில் எழும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். பதில் தயாராக இருக்க வேண்டும். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு, திட்டம் நடைமுறைக்கு வந்தபின் நிலத்தை அதற்கு மாறாகப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. அதே பிரிவின் வரம்புரை, திட்டம் வரும் நாளில் ஏற்கெனவே இருந்த பயன்பாட்டை, அன்று இருந்த அளவுக்கு, திட்டத்தில் குறிப்பிடும் காலத்துக்கும் நிபந்தனைகளுக்கும் உட்பட்டுத் தொடர அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. இந்தக் காலத்தையும் நிபந்தனைகளையும் வரைவிலேயே எழுதுவது உங்கள் பொறுப்பு. எழுதாமல் விட்டால் முடிவு அவ்வப்போது இருக்கும் அலுவலரின் விருப்பத்துக்குப் போய்விடும். தெருவில் நடந்து எடுத்த படிவம் இங்கேதான் பயன்படும்: எந்தப் பயன்பாடு எந்த அளவில் அன்று இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று பட்டறைக்காரரிடம் இராது.

வரைவிலிருந்து அரசிதழ் வரை

முழுமைத் திட்டத்தை மாற்றுவதற்கு வழிவகுப்பது சட்டத்தின் 32-ஆம் பிரிவு. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை திட்டத்தை மறு ஆய்வு செய்ய அது இடமளிக்கிறது. அரசு பணித்தால் குழுமம் அதைச் செய்தே தீர வேண்டும். பகுதி சபையிலும் வார்டு குழுவிலும் பேசி, மாமன்றத் தீர்மானமாக்கி, கணக்கெடுப்போடும் புலப்படங்களோடும் திட்டக் குழுமத்துக்கு அனுப்புவது முறையான வழி. அங்கிருந்து நகர் ஊரமைப்பு இயக்ககம் வழியாக அது அரசுக்குச் செல்கிறது. வரைவைப் பொதுமக்கள் முன் வைக்க அரசு இசைவளித்தபின், அரசிதழிலும் முன்னணி நாளிதழ்களிலும் அறிவிப்பு வெளியாகும். அரசிதழில் வெளியான நாளிலிருந்து இரண்டு மாதங்களுக்குக் குறையாத காலம் ஆட்சேபணைக்கும் ஆலோசனைக்கும் தரப்பட வேண்டும்.

ஆட்சேபணை எழுத்தில் இருக்க வேண்டும். ‘இது எங்கள் வயிற்றில் அடிக்கிறது’ என்று எழுதப்பட்ட நூறு மனுக்களைவிட, புல எண்ணைக் குறித்து, வரைவின் எந்த வாக்கியம் எந்தத் தொழிலை எவ்வாறு பாதிக்கிறது என்று சொல்லி, அதற்கு மாற்று வாக்கியத்தையும் எழுதித் தரும் ஒரு மனுவுக்கு மதிப்பு அதிகம். அலுவலர் அதைத் தம் குறிப்பில் அப்படியே எடுத்தெழுத முடியும். ஒப்புகைச் சீட்டைப் பெற்றுக்கொள்ளத் தவறாதீர்கள். வரைவை முன்மொழிந்தவர்களும், வந்த ஒவ்வோர் ஆட்சேபணைக்கும் ஏற்றதா தள்ளியதா, ஏன் என்று ஒரு வரியாவது எழுதி வைக்க வேண்டும். நீதிமன்றம் கேட்கும்போது அந்த ஒரு வரிதான் பேசும்.

ஒப்புதல் அரசிதழில் வந்ததும், திருத்திய விதியின் தமிழ் வாசகத்தையும் புதிய வரைபடத்தையும் மண்டல அலுவலகச் சுவரில் ஒட்டவும், மாவட்டத் தொழில் மையத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் மின்வாரியத்துக்கும் நகல் அனுப்பவும் ஏற்பாடு செய்யுங்கள். மின் இணைப்புக் கொடுக்கும் மேசையில் பழைய குதிரைத்திறன் பட்டியல் தொங்கிக்கொண்டிருந்தால் புதிய விதி அந்த மேசையைத் தாண்டாது. முதல் நாளிலிருந்தே ஒரு புகார்ப் பதிவேட்டைத் தொடங்கி, புல எண், நேரம், புகாரின் வகை, எடுத்த நடவடிக்கை என நான்கு பத்திகள் போட்டு நிரப்பி வாருங்கள். அடுத்த மறு ஆய்வின்போது தெருவில் நடக்கக் கிளம்புபவர்கள் கையில் கொண்டு செல்ல வேண்டிய முதல் தாள் அதுதான்.